‘டிட் யூ வென்ட்’ ஏன் தவறு?

ஆங்கில இலக்கணப் புத்தகத்தில் வினைச்சொல் பாடத்தைத் திறந்தால் முதல் பக்கத்திலேயே ஒரு பட்டியல் நிற்கும். மெயின் வெர்ப், ஹெல்பிங் வெர்ப், டிரான்சிட்டிவ், இன்டிரான்சிட்டிவ், லிங்கிங், மோடல், ரெகுலர், இர்ரெகுலர், ஃபைனைட், நான்ஃபைனைட். இத்தனை பெயரையும் மனப்பாடம் செய்து தேர்வில் எழுதி, நல்ல மதிப்பெண்ணும் வாங்கியவர்கள் நம்மில் ஏராளம். அவர்களே பேச வரும்போது ‘டிட் யூ வென்ட்?’ என்று கேட்டுவிடுகிறார்கள். குறை அவர்களிடம் இல்லை. இந்தப் பெயர்களெல்லாம் எதற்கு என்று அவர்களுக்கு யாரும் உட்கார்ந்து சொல்லவில்லை, அவ்வளவுதான். ஒரு டீ குடிக்கும் நேரம் கிடைத்தால் சொல்லிவிடலாம்.

என் கட்சி இதுதான்: வினையின் வகை என்பது அந்த வினைக்கு முன்னும் பின்னும் என்ன வரலாம், என்ன வரக்கூடாது என்று சொல்லும் குறிப்பு. அப்படிப் படித்தால் பட்டியலுக்கு உயிர் வந்துவிடும்.

முதலில், தமிழ் வினை எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். ‘போகமாட்டாள்’, ‘போனாளா’, ‘போய்க்கொண்டிருந்தாள்’. யார், எப்போது, உண்டா இல்லையா, கேள்வியா என்பதெல்லாம் வினையின் வாலில் வந்து ஒட்டிக்கொள்கிறது. ஆங்கில வினைக்கு அவ்வளவு நீளமான வால் கிடையாது. ‘கோ’ என்பதற்கு மொத்தமே ஐந்து வடிவம்: கோ, கோஸ், வென்ட், கான், கோயிங். ‘கட்’ என்பதற்கு மூன்றுதான்: கட், கட்ஸ், கட்டிங். ‘பி’ மட்டும் விதிவிலக்கு. அதற்கு ஆம், இஸ், ஆர், வாஸ், வேர் எல்லாம் சேர்த்து எட்டு. இவ்வளவு குறைந்த வடிவங்களை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொல்ல முடியாது. அதனால் ஆங்கிலம், நாம் வாலில் ஒட்டுவதைத் தனிச் சொல்லாக்கி வினைக்கு முன்னால் நிறுத்துகிறது. அதுதான் ஹெல்பிங் வெர்ப், துணைவினை.

மற்ற எந்த வகையையும்விட இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும் என்பேன். நம் வகுப்புகளில் இதற்குக் கிடைப்பதோ அரைப் பக்கம்.

‘பி’, ‘ஹேவ்’, ‘டூ’ மூன்றும் முதன்மைத் துணைவினைகள். ‘கேன், குட், மே, மைட், ஷேல், ஷுட், வில், வுட், மஸ்ட்’ ஒன்பதும் மோடல்கள். விதி ஒன்றே ஒன்று: எத்தனை வினைகள் வரிசையாக நின்றாலும் காலத்தைக் காட்டுவது முதலில் நிற்பது மட்டும்தான். ‘ஷி ஹேஸ் பீன் ஸ்லீப்பிங்’ என்ற வாக்கியத்தில் மூன்று வினைகள். ‘ஹேஸ்’ மட்டுமே காலம் காட்டுகிறது, ‘நாட்’ அதற்குப் பின்னால்தான் வரும், கேள்வியாக்கினால் அது மட்டும் இடம் மாறும்: ‘ஹேஸ் ஷி பீன் ஸ்லீப்பிங்?’ மற்ற இரண்டும் அசையாது. இன்னொன்றையும் கவனியுங்கள். ஒவ்வொரு துணைவினையும் தனக்கு அடுத்து வரும் வினையின் வடிவத்தை முடிவு செய்கிறது. ‘ஹேவ்’ வந்தால் அடுத்தது மூன்றாம் வடிவம், அதனால் ‘பீன்’. தொடர்ந்து நடப்பதைச் சொல்லும் ‘பி’ வந்தால் அடுத்தது ‘இங்’, அதனால் ‘ஸ்லீப்பிங்’. மோடல் வந்தால் அடுத்தது வெறும் வேர்ச்சொல்.

இப்போது தலைப்புக்கு வருவோம். ‘யூ வென்ட்’ என்பதில் துணைவினையே இல்லை. கேள்வி கேட்கவோ மறுக்கவோ பொதுவாகத் துணைவினை வேண்டும். இல்லாத இடத்தில் ஆங்கிலம் ‘டூ’வைக் கூப்பிடுகிறது. அது முதலில் வந்து நின்றதும் இறந்தகாலம் அதன்மேல் ஏறி ‘டிட்’ ஆகிறது. காலத்தை ‘டிட்’ வாங்கிக்கொண்ட பிறகு ‘கோ’விடம் காட்டுவதற்கு ஒன்றும் மீதமில்லை. ஆகவே ‘டிட் யூ கோ?’. ‘ஷி சிங்ஸ்’ என்பது ‘டஸ் ஷி சிங்?’ ஆவதும் இதனால்தான். ‘சிங்ஸ்’ இறுதியில் இருந்த ‘ஸ்’ஸை ‘டஸ்’ எடுத்துக்கொண்டுவிட்டது. இந்த ஒரு கணக்கு மனதில் பதிந்தால் நம் பேச்சு ஆங்கிலத்தின் பாதிப் பிழைகள் தாமாக உதிர்ந்துவிடும்.

ஆங்கிலம் எப்போதும் இப்படி இருந்ததில்லை. 400 ஆண்டுகளுக்கு முன், ஷேக்ஸ்பியர் காலத்தில், முதன்மை வினையையே முன்னால் தூக்கிப் போட்டுக் கேள்வி கேட்கலாம். அதற்குப் பின்னாலேயே ‘நாட்’ சேர்த்து மறுக்கலாம். ‘டூ’ சேர்த்தும் சொல்லலாம். அவர் நாடகங்களில் இரண்டு முறையும் கலந்து வருகின்றன. பிறகுதான் ‘டூ’ கட்டாயமாகியது.

‘யூ ஆர் கமிங், இஸின்ட் இட்?’ என்ற பிழைக்கும் மருந்து இதே இடத்தில் இருக்கிறது. நாம் எல்லா வாக்கியத்தின் கடைசியிலும் ‘இல்லையா’ என்று ஒன்றையே போடுகிறோம். ஆங்கிலத்தில் வாக்கியத்தில் வந்த துணைவினையே திரும்ப வர வேண்டும்: ‘ஆரன்ட் யூ?’ வாக்கியத்தில் துணைவினை இல்லாவிட்டால் மறுபடியும் ‘டூ’: ‘ஹி லிவ்ஸ் ஹியர், டஸன்ட் ஹி?’

மோடல்களைப் பற்றி மூன்று சொன்னால் போதும். அவற்றுக்கு ‘ஸ்’ சேராது, ‘இங்’ சேராது, பின்னால் ‘டு’ வராது. ‘ஹி கேன் ஸ்விம்’, ‘யூ மஸ்ட் கோ’. நம் ஊரில் அடிக்கடி காதில் விழும் ‘ஐ கேன் ஏபிள் டு’ என்பதில் ‘முடியும்’ இரண்டு தடவை வந்துவிடுகிறது. ‘ஐ கேன்’ அல்லது ‘ஐ ஆம் ஏபிள் டு’, ஏதாவது ஒன்று போதும்.

அடுத்தது டிரான்சிட்டிவ், இன்டிரான்சிட்டிவ். நம் பள்ளித் தமிழில் செயப்படுபொருள் குன்றா வினை, குன்றிய வினை என்று படித்தோமே, அதேதான். ஆனால் எந்த வினை எந்தப் பக்கம் என்பது இரு மொழிக்கும் ஒன்றாக இருக்காது, சிக்கல் அங்கேதான். ‘டிஸ்கஸ்’ என்பது செயப்படுபொருளை நேராகக் கேட்கும் வினை. தமிழில் ‘அதைப் பற்றி விவாதித்தோம்’ என்று சொல்லிப் பழகிய வாய் ‘டிஸ்கஸ்ட் அபவுட்’ என்று போகிறது. ‘வி டிஸ்கஸ்ட் த பிளான்’ என்றால் முடிந்தது. ‘என்டர்ட் இன்டு த ரூம்’ என்பதிலும் ‘இன்டு’ தேவையில்லை. மறுபக்கம், ‘லிசன்’ நேராகச் செயப்படுபொருளை வாங்காது, ‘டு’ வேண்டும். ‘வெயிட்’ என்பதற்கு ‘ஃபார்’ வேண்டும்.

இன்னொரு பிழை பத்திரிகைக் கடிதங்களிலும் அலுவலக அறிக்கைகளிலும் கூட வருகிறது: ‘த ஆக்சிடென்ட் வாஸ் ஹேப்பன்ட்’. செயப்பாட்டு வினையாக்க வேண்டுமானால் எழுவாய் ஆவதற்கு ஒரு செயப்படுபொருள் முதலில் இருக்க வேண்டும். ‘ஹேப்பன்’ அதை ஏற்பதே இல்லை. எனவே ‘த ஆக்சிடென்ட் ஹேப்பன்ட்’, அவ்வளவுதான்.

‘கிவ்’ இரண்டு பொருளை ஏற்கும்: ‘கிவ் மீ த புக்’. அந்தத் தைரியத்தில் ‘எக்ஸ்ப்ளெயின் மீ த ரூல்’ என்று சொல்லிவிடக் கூடாது. ‘எக்ஸ்ப்ளெயின் த ரூல் டு மீ’. ஏன் ஒன்றுக்கு ஒரு நியாயம், மற்றதற்கு வேறு நியாயம் என்று கேட்டால், வழக்கு அப்படி அமைந்துவிட்டது என்பதே நேர்மையான பதில். ஒவ்வொரு வினையையும் அதன் கூட்டாளியோடு சேர்த்தே படிக்க வேண்டியிருக்கிறது.

தமிழ் படித்தவர்களுக்கு மிகவும் பிடிக்கக்கூடிய ஒன்று இங்கே உண்டு. தன்வினை, பிறவினை என்று நாம் ஜோடி ஜோடியாக வைத்திருக்கிறோம்: உருண்டது, உருட்டினான், திரும்பினாள், திருப்பினாள். இன்றைய ஆங்கிலம் பெரும்பாலும் ஒரே சொல்லை இரண்டுக்கும் வைத்துக்கொள்கிறது. பந்து உருண்டாலும் ‘ரோல்ட்’, பந்தை உருட்டினாலும் ‘ரோல்ட்’. ஆனால் பழைய ஆங்கிலத்தில் ஜோடிகள் இருந்தன. சில இன்னும் உயிரோடு இருக்கின்றன. ‘சிட்’ உட்காருவது, ‘செட்’ வைப்பது. ‘ஃபால்’ விழுவது, ‘ஃபெல்’ மரத்தை வெட்டி வீழ்த்துவது. நனைப்பதைச் சொல்லும் ‘டிரெஞ்ச்’ என்ற சொல்கூட ‘டிரிங்க்’ என்பதன் பிறவினைதான். முதலில் குடிக்கச் செய்வதைக் குறித்தது. படுப்பது ‘லை’, கிடத்துவது ‘லே’. இதில் ‘லை’ என்பதன் இறந்தகாலமும் ‘லே’ என்றே வருவதால், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே தடுமாறுகிறார்கள். நீங்கள் தடுமாறினால் கவலைப்பட வேண்டாம்.

லிங்கிங் வெர்ப் நமக்குப் புதிது. ‘அவர் டாக்டர்’ என்பது தமிழில் முழு வாக்கியம். ஆங்கிலத்தில் நடுவே ‘இஸ்’ என்று ஒன்று நின்று இரண்டையும் இணைத்தாக வேண்டும். ‘பிகம், சீம்’ இதே வேலையைச் செய்கின்றன; ‘லுக், ஸ்மெல், டேஸ்ட், ஃபீல்’ சில சமயம் செய்கின்றன. சோதனை எளிது: அந்த இடத்தில் ‘இஸ்’ போட்டுப் பாருங்கள். ‘த டீ டேஸ்ட்ஸ் பிட்டர்’ என்பதில் ‘த டீ இஸ் பிட்டர்’ என்று மாற்ற முடிகிறது. அப்படியானால் அது இணைப்பு வினை. பின்னால் பெயரடை வரும், ‘பிட்டர்லி’ வராது.

நிலையைச் சொல்லும் வினைகள் தனி இனம். ‘நோ, வான்ட், லைக், பிலீவ்’ போன்றவை நடக்கும் செயல் இல்லை, இருக்கும் நிலை. பொதுவாக இவை ‘இங்’ ஏற்பதில்லை. ‘ஐ ஆம் ஹேவிங் அ கார்’ தவறு, ஏனென்றால் கார் வைத்திருப்பது ஒரு நிலை. ‘ஐ ஆம் ஹேவிங் டீ’ சரி, ஏனென்றால் டீ குடிப்பது ஒரு செயல். ஒரே ‘ஹேவ்’, இரண்டு வகை. வகை சொல்லுக்குள் பூட்டி வைக்கப்படவில்லை. சொல்லை எந்தப் பொருளில் பயன்படுத்துகிறோமோ அதைப் பொறுத்து மாறுகிறது.

ஃபைனைட், நான்ஃபைனைட் என்றால் மிரள வேண்டாம். கிட்டத்தட்ட நம் முற்றும் எச்சமும்தான். ஒரு ஜோடியை மட்டும் பத்திரப்படுத்திக்கொள்ளுங்கள்: ‘ஹி ஸ்டாப்ட் ஸ்மோக்கிங்’ என்றால் புகைப்பதை விட்டுவிட்டார், ‘ஹி ஸ்டாப்ட் டு ஸ்மோக்’ என்றால் புகைப்பதற்காக நின்றார்.

இர்ரெகுலர் வினைகளின் நீண்ட அட்டவணை பிள்ளைகளை வாட்டுகிறது. அதற்கு அவசியமே இல்லை. சே, கோ, கெட், மேக், நோ, டேக், சீ, கம், திங்க் என்று அன்றாடம் அதிகம் புழங்கும் வினைகளே ஒழுங்கற்றவை. தினமும் வாயில் புழங்கியதால்தான் பழைய வடிவம் தேயாமல் நின்றது. தினமும் கேட்டால் நமக்கும் வந்துவிடும். புதிதாக மொழிக்குள் வருபவை எல்லாம் ‘எட்’ சேர்த்துக்கொண்டே வருகின்றன: ‘கூகிள்ட்’, ‘டெக்ஸ்டட்’.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஆங்கிலம் கற்பவர்களுக்கென்றே எழுதப்பட்ட ஓர் அகராதியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஏ. எஸ். ஹார்ன்பி என்ற ஆங்கில ஆசிரியர் ஜப்பானில் மாணவர்களுக்குக் கற்பித்தவர். அவரும் சக ஆசிரியர்களும் தொகுத்த அகராதி 1942இல் டோக்கியோவில் வெளிவந்தது. 1948இல் ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பகம் அதை வெளியிட்டது. இன்றைய ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் டிக்‌ஷனரியின் மூலம் அதுதான். வினைக்குப் பொருள் சொல்வதோடு, அது எந்த அமைப்பில் வாக்கியத்தில் நிற்கும் என்பதையும் அவர் குறித்துக் காட்டினார். அதே முறையில் இன்றும் டிரான்சிட்டிவா, இன்டிரான்சிட்டிவா, பின்னால் ‘டு’ வருமா ‘இங்’ வருமா என்பது பொருளுக்குப் பக்கத்திலேயே அச்சாகியிருக்கும். அடுத்த முறை ஒரு வினைக்குப் பொருள் தேடும்போது அந்தச் சிறிய குறிப்பையும் கீழே உள்ள எடுத்துக்காட்டு வாக்கியத்தையும் சேர்த்துப் படியுங்கள். உங்கள் பிள்ளைக்கும் அப்படியே படிக்கச் சொல்லிக் கொடுங்கள்.