காக்கையும் பனம்பழமும்

சென்ற தீபாவளியன்று எங்கள் வீட்டில் ஒரு வாக்குவாதம். அக்கா மகளை முதலாம் ஆண்டில் எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்பதுதான் பேச்சு.

மாமா முறுக்கைக் கடித்தபடியே தீர்ப்புச் சொன்னார். “நம்ம தாமான்ல யுனிவர்சிட்டிக்குப் போன பிள்ளைங்களை எண்ணிப் பாரு. முக்கால்வாசிப் பேரு தேசியப் பள்ளி. தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பினா பிள்ளை பின்தங்கிடும்.”

“நானும் தமிழ்ப்பள்ளிதானே மாமா?” என்றேன்.

“நீ வேற” என்று முடித்துவிட்டார்.

அன்று எனக்குக் கோபம் வந்தது, பதில் வரவில்லை. இத்தனைக்கும் நான் புள்ளியியல் மாணவி. அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை நாம் அறிந்ததே. ஒருமுறை நடந்தால் தற்செயல் என்று விட்டுவிடுவோம். காக்கை வரும்போதெல்லாம் பழமும் விழுந்தால்? காக்கைதான் தள்ளுகிறது என்று அடித்துச் சொல்வோம். இரண்டு செய்திகள் இப்படிச் சேர்ந்தே வருவதைப் புள்ளியியலில் ஒட்டுறவு என்பர். ஒன்று மற்றொன்றை உண்டாக்கினால்தான் அது காரண காரியத் தொடர்பு. ஒருவேளை, பழம் பழுத்த வாசனைக்குக் காக்கை வந்திருக்கலாம். பழுத்ததால் பழமும் விழுந்திருக்கலாம். அப்படியானால் பழுத்ததே இரண்டுக்கும் காரணம். மறைந்து நிற்கும் இந்த மூன்றாவது காரணியைத் தேடாமல் தீர்ப்புச் சொல்வதுதான் பிழை.

அறிஞர்களும் இதில் தடுக்கி விழுந்திருக்கிறார்கள். 1849-இல் லண்டனைக் காலரா வாட்டியது. இறப்புக் கணக்குகளைத் தொகுத்த வில்லியம் ஃபார், தாழ்வான பகுதிகளில் மரணம் அதிகம், மேடான பகுதிகளில் குறைவு என்று கண்டார். கணக்கு சரிதான். ஆனால், தாழ்விடத்துக் கெட்ட காற்றே நோய்க்குக் காரணம் என்ற அக்கால நம்பிக்கைக்கு அதை அவர் சான்றாகக் கொண்டார்.

மருத்துவர் ஜான் ஸ்னோ தண்ணீரைச் சந்தேகித்தார். 1854-இல் காலரா மீண்டும் வந்தபோது அவருக்கு ஓர் அரிய வாய்ப்புக் கிடைத்தது. தென் லண்டனில் இரண்டு நிறுவனங்களின் குழாய்கள் ஒரே தெருக்களில் ஓடின. லாம்பெத் நிறுவனம் 1852-இலேயே தேம்ஸ் நதியின் மேல்பகுதிக்கு மாறி, நகரக் கழிவு கலவாத நீரை எடுத்தது. சதர்க்-வாக்ஸ்ஹால் நிறுவனம் கழிவு கலந்த இடத்திலேயே எடுத்தது. பக்கத்துப் பக்கத்து வீடுகள். அதே காற்று, அதே மேடு பள்ளம். குழாய் மட்டும் வேறு. ஸ்னோ வீடு வீடாக விசாரித்தார். பத்தாயிரம் வீடுகளுக்கு 315 மரணங்கள் ஒரு பக்கம், 37 மறுபக்கம். மற்றவை எல்லாம் ஒத்திருக்க, ஒன்று மட்டும் மாறியதால்தான் காரணம் வெளிப்பட்டது.

மாமாவின் கணக்கில் இல்லாதது இந்த ஒப்பீடுதான். எங்கள் தாமானில் தேசியப் பள்ளிக்கு அனுப்பியவர்களில் பலர் அரசாங்க ஊழியர்கள். பிள்ளைகளுக்கு வாரம் மூன்று நாள் பிரத்தியேக வகுப்பு. என்னோடு தமிழ்ப்பள்ளியில் படித்த பலர் தோட்டத்திலிருந்து பேருந்தில் வந்தவர்கள். பாடத்தில் சந்தேகம் கேட்க வீட்டில் ஆள் கிடையாது. பல்கலைக்கழகத்தில் தெரியும் வேறுபாடு பள்ளியால் வந்ததா, வீட்டு நிலையால் வந்ததா? ஒத்த வருமானமும் ஒத்த கல்வியும் உள்ள பெற்றோரின் பிள்ளைகளை இரு பள்ளிகளிலும் வைத்துப் பார்க்காமல் எப்படிச் சொல்ல முடியும்?

நண்பர்களே, இந்த அளவுகோல் நமக்கும் பொருந்தும். ‘நான் தமிழ்ப்பள்ளியில் படித்தேன், பல்கலைக்கழகம் வந்தேன், ஆகவே தமிழ்ப்பள்ளியே காரணம்’ என்று மேடையில் நாம் முழங்குவதும் அதே பிழைதான். கைதட்டல் கிடைக்கும், சான்று ஆகாது. என்னை அன்றாடம் உட்கார வைத்துப் படிக்கச் சொன்ன அம்மாவை அந்தக் கணக்கில் எங்கே வைப்பது?

ஒட்டுறவு பயனற்றது என்று நான் சொல்லவில்லை. அது எங்கே தேட வேண்டும் என்று காட்டும். தேடுவது நம் வேலை.

அக்கா இன்னும் முடிவெடுக்கவில்லை. இரண்டு பள்ளிகளுக்கும் நேரில் சென்று ஆசிரியர்களிடம் பேசி வருகிறார். ஸ்னோவும் வீடு வீடாகத்தான் போனார்.