பிரஜாவுரிமை என்னும் மூடிய கதவு: ஏதென்ஸும் ஸ்பார்ட்டாவும் உணர்த்தும் பாடம்

ஜனநாயகத்தின் தாயகம் ஏதென்ஸ் என்றும் இராணுவ வாழ்வின் இருப்பிடம் ஸ்பார்ட்டா என்றும் பாடசாலைக் காலத்திலேயே நாம் படித்திருக்கின்றோம். இவ்விரு கூற்றுகளும் பொய்யல்ல. எனினும், பண்டைய கிரேக்கத்தின் இவ்விரு நகர அரசுகளையும் எதிரெதிரே நிறுத்திப் பார்த்துப் பழகியதனால், இரண்டுக்கும் பொதுவாக இருந்த ஒரு பலவீனம் எமது கவனத்திற்கு வராமலே போய்விடுகின்றது. யார் ஆள்வது என்ற கேள்விக்கு இவ்விரு நகரங்களும் வெவ்வேறு விடைகளை அளித்தன. யார் பிரஜை என்ற கேள்விக்கோ இரண்டும் ஏறத்தாழ ஒரே விடையையே அளித்தன. அந்த விடைக்காக அவை செலுத்திய விலையைச் சற்று விரிவாக நோக்குவது பயனுடையதாகும்.

பண்டைய கிரேக்கம் ஒரே நாடாக இருக்கவில்லை. மலைகளாலும் கடலாலும் பிரிக்கப்பட்ட நூற்றுக்கணக்கான நகர அரசுகளாகவே அது விளங்கியது. ஒரே மொழியையும் ஒரே தெய்வங்களையும் கொண்டிருந்த போதிலும், ஒவ்வொரு நகரமும் தனக்கெனச் சட்டத்தையும் படையையும் நாட்காட்டியையும் வைத்திருந்தது. அவற்றுள் அற்றிக்கா பிரதேசத்தின் ஏதென்ஸும், பெலொப்பனீசியத் தீபகற்பத்தின் ஸ்பார்ட்டாவும் ஏனையவற்றைத் தத்தமது அணியில் சேர்த்துக் கொள்ளுமளவுக்கு வலுப்பெற்றிருந்தன.

ஏதென்ஸின் ஆட்சிமுறை

கி.மு. 508ஆம் ஆண்டளவில் கிளைஸ்தனிஸ் என்பவர் கொண்டுவந்த சீர்திருத்தமே ஏதென்ஸின் ஜனநாயகத்திற்கு அடித்தளமாயிற்று. கரையோரம், நகரம், உள்நாடு ஆகிய மூன்று பகுதிகளின் மக்களையும் கலந்து பத்துப் பிரிவுகளை அவர் உருவாக்கினார். பரம்பரைக் குடும்பங்கள் தத்தமது பிரதேசங்களில் கொண்டிருந்த பிடி இதனால் தளர்ந்தது. ஒவ்வொரு பிரிவிலிருந்தும் 50 பேர் வீதம் 500 பேர் கொண்ட சபை அமைந்தது. உறுப்பினர்கள் திருவுளச்சீட்டு மூலம் ஓராண்டுக்குத் தெரிவாகினர். ஒருவர் தமது வாழ்நாளில் இருமுறைக்கு மேல் அச்சபையில் அமர முடியாது.

இறுதி அதிகாரம் பினிக்ஸ் குன்றில் கூடிய மக்கள் பேரவையிடமே இருந்தது. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் அது ஆண்டுக்கு 40 தடவைகள் கூடியது. சில முக்கிய தீர்மானங்களுக்கு 6,000 பேரின் வருகை அவசியமாக இருந்தது. நீதிமன்றங்களுக்கென ஆண்டுதோறும் 6,000 ஜூரிகள் தெரிவு செய்யப்பட்டனர். தேர்தல் என்பது செல்வந்தருக்கும் பிரபலங்களுக்குமே சாதகமானது என ஏதென்ஸ் மக்கள் கருதியமையால் பெரும்பாலான பதவிகளைத் திருவுளச்சீட்டுக்கே விட்டனர். போர்த் திறமை வேண்டப்பட்ட பத்துத் தளபதிகளின் பதவிகள் போன்ற சில மட்டும் வாக்களிப்பினால் நிரப்பப்பட்டன. ஜூரிகளுக்கு நாட்கொடுப்பனவு வழங்கும் முறையைப் பெரிக்கிளிஸ் அறிமுகப்படுத்தியதன் பின்னர், குயவனும் படகோட்டியும்கூட தமது அன்றாட உழைப்பை இழக்காமல் அரசின் அலுவல்களில் பங்கேற்கக் கூடியதாயிற்று.

இது வியக்கத்தக்க சாதனை என்பதில் ஐயமில்லை. ஆயினும் இந்த உரிமைகள் எத்தனை பேருக்கு இருந்தன? கி.மு. 4ஆம் நூற்றாண்டில் வயதுவந்த ஆண் பிரஜைகள் சுமார் 30,000 பேர் என மதிப்பிடப்படுகின்றது. பெண்களுக்கு வாக்கில்லை. வெளியிடங்களிலிருந்து வந்து தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த ‘மெட்டிக்’ எனப்பட்டோர் தலைவரி செலுத்தினர், படையிலும் பணிபுரிந்தனர், ஆனால் நிலம் வாங்கவோ வாக்களிக்கவோ உரிமை பெற்றிருக்கவில்லை. லோரியம் வெள்ளிச் சுரங்கங்களில் ஆயிரக்கணக்கான அடிமைகள் நிலத்தடியில் உழன்றனர்.

இதன் விசித்திரத்தை ஒரு கல்வெட்டு தெளிவாகக் காட்டுகின்றது. அக்ரோபொலிஸ் குன்றிலுள்ள எரெக்தியன் ஆலயத்தின் கட்டுமானக் கணக்குகள் இன்றும் எஞ்சியுள்ளன. அவற்றில் அந்தஸ்து இன்னதென அறியக்கூடிய 86 தொழிலாளர்களுள் 24 பேரே பிரஜைகள். 42 பேர் மெட்டிக்குகள். 20 பேர் அடிமைகள். இவர்கள் அருகருகே நின்று ஒரே கல்லைச் செதுக்கினர். நாட்கூலியிலும் வேறுபாடு காட்டப்படவில்லை. கருவிகளை வைத்துவிட்டுப் பேரவைக்குச் செல்லும் உரிமையில்தான் வேறுபாடு இருந்தது.

ஸ்பார்ட்டாவின் ஆட்சிமுறை

ஸ்பார்ட்டாவில் ஒரே காலத்தில் இரு மன்னர்கள் ஆண்டனர். அவர்களுடன் 60 வயதைக் கடந்த 28 முதியோரும் சேர்ந்து 30 பேர் கொண்ட மூப்பர் அவை அமைந்தது. ஆண்டுதோறும் தெரிவான ஐந்து ‘எஃபோர்’கள் மன்னரையே விசாரிக்கும் அதிகாரம் பெற்றிருந்தனர். பேரவையும் இருந்தது. ஆயினும் அதன் உறுப்பினர்கள் தம்முன் வைக்கப்பட்டதை ஆரவாரத்தினால் ஏற்கவோ நிராகரிக்கவோ மட்டுமே முடிந்தது. மூப்பர்களும் ஆரவாரத்தின் அளவைக் கொண்டே தெரிவு செய்யப்பட்டனர். இம்முறையைச் சிறுபிள்ளைத்தனமானது என அரிஸ்டோட்டில் இகழ்ந்துள்ளார்.

சிறுவர்கள் ஏழு வயதில் அரசின் பயிற்சிக்கு உட்படுத்தப்பட்டனர். ஆடவர் திருமணமான பின்னரும் 30 வயதுவரை படைவீட்டிலேயே உறங்கினர். ஒவ்வொரு பிரஜையும் பொதுப் போசனக் குழுவொன்றில் சேர்ந்து, மாதந்தோறும் தனது பங்கான வாற்கோதுமை மா, மது, பாற்கட்டி, அத்திப்பழம் ஆகியவற்றை வழங்க வேண்டும். அதனைக் கொடுக்க இயலாத ஏழை தனது பிரஜாவுரிமையையே இழந்தான்.

பெண்களின் நிலையில் ஸ்பார்ட்டா வேறுபட்டு நின்றது. பெண்கள் உடற்பயிற்சி பெற்றனர், நிலம் வைத்திருந்தனர். நாட்டின் நிலத்தில் ஐந்தில் இரண்டு பங்கு பெண்களிடம் இருந்ததாக அரிஸ்டோட்டில் குறிப்பிடுகின்றார். பிளேட்டோ தமது ‘குடியரசு’ நூலில் பெண்களும் ஆட்சிப் பொறுப்பு ஏற்கலாம் என வாதிட்டமைக்கு ஸ்பார்ட்டாவின் வழக்கங்களும் தூண்டுதலாயிருந்தன. அந்நூலுக்குப் 12ஆம் நூற்றாண்டில் விளக்கவுரை எழுதிய குர்துபா நகரத்து அறிஞர் இப்னு ருஷ்த், தமது காலத்து நகரங்களில் பெண்களின் ஆற்றல் பயன்படுத்தப்படாமல் வீணாகின்றது என்றும், வறுமைக்கு அதுவும் ஒரு காரணம் என்றும் எடுத்துரைத்தமை இங்கு நினைவுகூரத்தக்கது. அவ்வுரையின் அரபு மூலம் மறைந்துவிட்டது. ஹீப்ரு மொழிபெயர்ப்பின் வாயிலாகவே அது எமக்குக் கிடைத்துள்ளது.

ஸ்பார்ட்டா வீரரின் ஓய்வில்லாப் பயிற்சிக்குப் பின்னால் ‘ஹெலட்’ எனப்பட்ட பண்ணையடிமைகளின் உழைப்பு இருந்தது. இவர்களுள் பெரும்பாலானோர் அயலிலுள்ள மெசேனியாவில் வெற்றிகொள்ளப்பட்ட கிரேக்கரே. தமது சொந்த நிலத்திலேயே அடிமைகளாக உழுது, விளைச்சலின் பெரும்பங்கை ஸ்பார்ட்டாவின் பிரஜைகளுக்குக் கொடுத்தனர். கி.மு. 479இல் பிளாட்டியா போருக்கு 5,000 ஸ்பார்ட்டப் பிரஜைகள் சென்றபோது ஒருவருக்கு எழுவர் வீதம் 35,000 ஹெலட்டுகள் உடன் சென்றதாக ஹெரோடோட்டஸ் எழுதியுள்ளார். பதவியேற்கும் எஃபோர்கள் ஆண்டுதோறும் ஹெலட்டுகள் மீது யுத்தப் பிரகடனம் செய்வது வழக்கமாயிருந்தது. தமது குடிகள் மீதே ஓர் அரசு யுத்தம் பிரகடனம் செய்ததன் நோக்கம், அவர்களைக் கொல்வது பாவமாகாது என்பதை உறுதிப்படுத்துவதேயாகும்.

திறந்து மூடப்பட்ட கதவு

கி.மு. 451ஆம் ஆண்டில், தாய் தந்தை இருவரும் ஏதென்ஸ் பிரஜைகளாக இருந்தால் மாத்திரமே பிள்ளைக்குப் பிரஜாவுரிமை என்ற சட்டத்தைப் பெரிக்கிளிஸ் முன்மொழிந்து நிறைவேற்றினார். அதற்கு முன்னர் தந்தை மட்டும் பிரஜையாக இருந்தாலே போதுமானதாக இருந்தது. அச்சட்டம் அதனை ஆக்கியவரின் வீட்டுக் கதவையே பின்னர் தட்டியது. கி.மு. 431இல் ஸ்பார்ட்டாவுடன் யுத்தம் மூண்டது. அடுத்த ஆண்டு பரவிய கொள்ளைநோயில் பெரிக்கிளிஸின் இரு புதல்வர்களும் மாண்டனர். எஞ்சியிருந்த மகன் மிலேட்டஸ் நகரைச் சேர்ந்த அஸ்பாசியாவுக்குப் பிறந்தவன். ஆகவே சட்டப்படி அந்நியன். தாம் இயற்றிய சட்டத்திலிருந்து தமது பிள்ளைக்கு விலக்களிக்குமாறு அந்த முதிய தலைவர் மக்களிடம் இரந்து நின்றார். மக்களும் இரங்கினர்.

கி.மு. 406இல் கப்பல்களுக்குத் துடுப்பு வலிக்க ஆட்கள் போதாமையால், ஏதென்ஸ் அடிமைகளையும் கடற்படையில் சேர்த்து அவர்களுக்கு விடுதலையையும் பிரஜாவுரிமையையும் அளித்தது. ஆர்கினூசே போரில் அப்படை வென்றது. ஆயினும் புயலினால் கடலில் தத்தளித்தோரை மீட்க முடியாமற் போயிற்று. சினங்கொண்ட பேரவை, ஒவ்வொருவரையும் தனித்தனியே விசாரிக்காமல் தளபதிகள் அனைவருக்கும் ஒரே வாக்கெடுப்பில் மரண தண்டனை விதித்தது. அது சட்டத்திற்கு முரணானது என எதிர்த்து நின்றவர் தத்துவஞானி சோக்கிரட்டீஸ். பெரும்பான்மையின் ஆரவாரத்தில் அக்குரல் எடுபடவில்லை. ஆறு தளபதிகள் கொல்லப்பட்டனர். அவர்களுள் ஒருவர் விதிவிலக்கினால் பிரஜையாகிய பெரிக்கிளிஸின் மகன். இரண்டே ஆண்டுகளில் ஏதென்ஸ் ஸ்பார்ட்டாவிடம் சரணடைந்தது.

ஸ்பார்ட்டா ஆதரவுடன் ஆட்சிக்கு வந்த முப்பதின்மர் ஆயிரத்துக்கும் அதிகமானோரைக் கொன்றனர். கி.மு. 403இல் ஜனநாயகம் மீண்டபோது, கடந்த காலத் தீங்குகளுக்காகப் பழிவாங்குவதில்லை என இரு தரப்பினரும் சத்தியம் செய்துகொண்டமை போற்றத்தக்கதே. ஆனால் அந்த மீட்புப் போரில் தம்முடன் நின்ற மெட்டிக்குகளுக்கும் அடிமைகளுக்கும் பிரஜாவுரிமை வழங்க வேண்டும் எனத் திராசிபூலஸ் முன்மொழிந்த தீர்மானம் சட்டவிரோதமெனத் தள்ளப்பட்டது. யுத்தகாலத்தில் தளர்ந்திருந்த பழைய சட்டமும் மீண்டும் உறுதிப்படுத்தப்பட்டது. கி.மு. 338இல் மாசிடோனிய மன்னன் பிலிப்பிடம் தோற்ற வேளையில் ஹிப்பெரிடிஸ் என்பவர் அதே யோசனையை முன்வைத்தார். ஆபத்து நீங்கியதும் அவர் மீது வழக்குத் தொடரப்பட்டது.

ஸ்பார்ட்டாவின் கதை இதனினும் கொடியது. யுத்தத்தில் சிறந்து பணியாற்றியதாகக் கருதும் ஹெலட்டுகள் முன்வந்தால் விடுதலை வழங்கப்படும் என ஒருமுறை அறிவிக்கப்பட்டது. தெரிவான சுமார் 2,000 பேர் மாலை சூடி ஆலயங்களை வலம் வந்தனர். பின்னர் அவர்கள் எவ்வாறு மாண்டனர் என்பதை எவரும் அறியார் எனத் துசிடைடிஸ் பதிவு செய்துள்ளார். விடுதலையைக் கோரும் துணிவுள்ளவனே முதலில் கலகம் செய்வான் என்பது ஸ்பார்ட்டாவின் கணிப்பாகும்.

அந்தக் கணிப்பின் பலன் எண்களில் தெரிகின்றது. கி.மு. 480 அளவில் சுமார் 8,000 ஆக இருந்த ஸ்பார்ட்டப் பிரஜைகளின் தொகை, அரிஸ்டோட்டிலின் காலத்தில் ஆயிரத்தையும் எட்டவில்லை. வறுமையினால் பிரஜாவுரிமை இழந்தோரும் போரில் மாண்டோரும் வெளியேற, புதியவர் எவரும் உள்ளே அனுமதிக்கப்படவில்லை. கி.மு. 371இல் லியூக்ட்ரா போரில் நின்ற 700 பிரஜைகளில் 400 பேர் வீழ்ந்ததோடு அதன் மேலாதிக்கம் முடிவுக்கு வந்தது. அதையடுத்துத் தீப்ஸ் நகரின் தளபதி எபமினொண்டஸ் மெசேனியாவை விடுவித்தார். ஸ்பார்ட்டாவைத் தாங்கிய உழைப்பின் பெரும்பகுதி ஒரே நாளில் அந்நிய நாடாயிற்று.

இவ்விரு நகரங்களின் வீழ்ச்சிக்கும் வேறு காரணங்களும் உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் நான்கு நூற்றாண்டுகள் கழித்து, கி.பி. 48இல் ரோமானியப் பேரரசன் குளோடியஸ் இப்பலவீனத்தையே சுட்டிக்காட்டினான். கோல் நாட்டுத் தலைவர்களைச் செனற் சபையில் சேர்ப்பதை எதிர்த்தவர்களிடம், ஆயுத பலம் மிக்க ஸ்பார்ட்டாவும் ஏதென்ஸும் அழிந்தமைக்குக் காரணம், தாம் வென்றவர்களை அந்நியர் என ஒதுக்கியதுதானே என அவன் வினவியதாக வரலாற்றாசிரியர் தசிட்டஸ் எழுதியுள்ளார். ரோமானியரும் கருணையாளர் அல்லர். வாளினால் வென்றவர்களே, அடிமைகளை வைத்திருந்தவர்களே. ஆயினும் வென்றவரைக் காலப்போக்கில் பிரஜைகளாக ஏற்றுக்கொள்வது தமக்கே பலம் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். கி.பி. 212இல் பேரரசிலிருந்த சுதந்திர மக்கள் ஏறத்தாழ அனைவருக்கும் ரோமப் பிரஜாவுரிமை வழங்கப்பட்டது.

பேரவையில் கையுயர்த்திய ஏதென்ஸும் ஆரவாரம் செய்த ஸ்பார்ட்டாவும் தத்தமது ஆட்சிமுறையே சிறந்ததெனப் பெருமை பேசின. கல் செதுக்கியவனும் துடுப்பு வலித்தவனும் வயலை உழுதவனும் அப்பெருமைக்கு வெளியே நின்றனர். ஆபத்து வேளையில் அவர்களை அழைத்து, ஆபத்து நீங்கியதும் கதவை அடைத்துக்கொண்ட ஆட்சிக்கு ஜனநாயகம் என்ற பெயரும் பாதுகாப்பளிக்கவில்லை, படைபலமும் பாதுகாப்பளிக்கவில்லை. ஓர் ஆட்சியை எடைபோட முற்படுவோர், அங்கு வாக்கெடுப்பு நடைபெறுகின்றதா எனக் கேட்பதுடன் நின்றுவிடலாகாது. எண்ணப்படாமல் வெளியே நிற்பவர்கள் யாவர் என்பதையும் கேட்டாக வேண்டும்.