தமிழ்ச் சிறுவர் நூல் தேர்வு

சிறுவர் நூல் தேர்வு என்பது ஒரு குழந்தையின் வயது, வாசிப்புத் திறன், விருப்பம் ஆகியவற்றைக் கருத்திற்கொண்டு, அக்குழந்தை மகிழ்ந்து படிக்கக்கூடிய நூல்களைத் தெரிவு செய்வதைக் குறிக்கும். மதிப்பெண்ணுக்காக அன்றி இன்பத்துக்காகப் படிக்கப்படும் நூல்களே இங்கு கருதப்படுகின்றன. நூலின் பின்னட்டையில் அச்சிடப்படும் வயதை மட்டும் கொண்டு நூல் வாங்குவது பரவலான வழக்கம். எனினும் தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், மேடவாக்கம் முதலிய சென்னையின் தென் புறநகர்ப் பகுதிகளில் இவ்வழக்கம் பல வேளைகளில் பயன் தருவதில்லை. இங்கு ஆங்கில வழியில் கற்கும் குழந்தைகள் பலர். அவர்களுள் பலரது தமிழ் வாசிப்புத் திறன் அவர்களது வயதுக்குச் சில ஆண்டுகள் பின்தங்கி நிற்பதே இதற்குக் காரணமாகும்.

வயதும் வாசிப்புத் திறனும்

பத்து வயதுக் குழந்தை ஒன்று ஆங்கிலத்தில் இருநூறு பக்கக் கதையைப் படித்து முடிக்கும். அதே குழந்தை தமிழில் எழுத்துக்கூட்டிப் படிக்கும் நிலையில் இருக்கலாம். அதனிடம் பத்து வயதுக்குரிய தமிழ் நூலைக் கொடுத்தால் மொழி தடுக்கிறது. ஆறு வயதுக்குரிய நூலைக் கொடுத்தால் கதை சலிக்கிறது, தம்பி தங்கையின் முன் நாணமும் உண்டாகிறது. இவ்விடத்திலேயே பல குழந்தைகள் தமிழ் வாசிப்பைக் கைவிடுகின்றனர். 2006 ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் தமிழைப் பள்ளிகளில் படிப்படியாகக் கட்டாயப் பாடமாக்கியது. ஆயினும் பாடமாகப் படிப்பது வேறு, விரும்பிப் படிப்பது வேறு. ஆகவே நூலைத் தெரிவு செய்பவர் குழந்தையின் விருப்ப வயதையும் தமிழ் வாசிப்பு வயதையும் தனித்தனியே அறிந்திருத்தல் வேண்டும்.

தமிழின் இரட்டை வழக்கு இச்சிக்கலை மேலும் கூட்டுகிறது. வீட்டில் "வந்துட்டான்" என்று பேசும் குழந்தை நூலில் "வந்துவிட்டான்" என்பதைக் காண்கிறது. இவ்வேறுபாடு சிறிதாகத் தோன்றினாலும் தொடக்க நிலை வாசகருக்கு ஒவ்வொரு வரியிலும் ஒரு மொழிபெயர்ப்பு நிகழ்கிறது. சொற்கள் புணர்ந்து நீள்வது மற்றொரு தடை. "மரத்திலிருந்திறங்கி" என்பதில் இடறும் குழந்தை "மரத்தில் இருந்து இறங்கி" என்று பிரித்து அச்சிட்டால் எளிதாகப் படித்துவிடும்.

ஒரு பக்கத்தில் தெரியாத சொல் ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்கச் சொல்லி, ஐந்து விரலும் மடங்கினால் நூல் கடினமானது எனக் கொள்ளும் முறை ஆங்கில நாடுகளில் உண்டு. தமிழில் இம்முறை அப்படியே பொருந்தாது. சொல் தெரியாமல் நிற்கிறதா, சொல் நீளமாக இருப்பதால் நிற்கிறதா என்பதைப் பிரித்தறிய வேண்டும். குழந்தையை ஒரு பக்கம் உரக்கப் படிக்கச் சொல்லி, அது நின்ற சொல்லைப் பெரியவர் சொல்லிக் காட்டுவது எளிய வழி. கேட்டவுடன் பொருள் புரிந்தால் குறை கண்ணில்தான், அறிவில் இல்லை. அந்நூலைப் பெரியவர் படித்துக் காட்டலாம். குழந்தையின் கேட்கும் திறன் அதன் வாசிக்கும் திறனைவிடப் பெரும்பாலும் மேம்பட்டே இருக்கும்.

மழலையரும் தொடக்க நிலை வாசகரும்

மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு நூல் என்பது ஒரு விளையாட்டுப் பொருள். தடித்த அட்டை, பெரிய படம், ஓசை நயமுள்ள பாட்டு ஆகியவை போதும். இப்பருவத்துக்குரிய தமிழ்ப் பாடல் மரபு வளமானது. அழ. வள்ளியப்பா (1922–1989) தம் வாழ்நாளின் பெரும்பகுதியைக் குழந்தைப் பாடல்களுக்கே செலவிட்டார். அவரது "மலரும் உள்ளம்" தொகுப்பு இன்றும் படித்துக் காட்ட ஏற்றது.

மூன்று முதல் ஆறு வயது வரை படக்கதைகள் ஏற்றவை. சென்னையைச் சேர்ந்த தூலிகா பதிப்பகம் 1996 முதல் படக்கதை நூல்களை வெளியிட்டு வருகிறது. தமிழும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் அமைந்த இருமொழி நூல்களும் அவற்றுள் உண்டு. ஆங்கிலம் மட்டும் சரளமாக உள்ள குழந்தைக்கு இவை ஒரு பாலம் எனலாம். எனினும் சில குழந்தைகள் ஆங்கில வரியை மட்டும் படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டுவதும் உண்டு. நேரு பால புத்தகாலயம் என்னும் வரிசையில் தேசிய புத்தக நிறுவனம் வெளியிடும் நூல்கள் விலை குறைந்தவை.

தானே படிக்கத் தொடங்கும் குழந்தைக்கு வயதைவிட நிலை முதன்மையானது. பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015 இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் கதைகள் நான்கு நிலைகளாகப் பகுக்கப்பட்டுள்ளன. முதல் நிலைக் கதை 250 சொற்களுக்கு மிகாது. நான்காம் நிலைக் கதை 1500 சொற்களைத் தாண்டும். தமிழ்க் கதைகளையும் கட்டணமின்றிப் படிக்கலாம். தமிழ்நாடு பள்ளிக்கல்வித் துறை 2023 இல் தொடங்கிய வாசிப்பு இயக்கம் தன் சிறு நூல்களை நுழை, நட, ஓடு, பற எனப் பிரித்தது. இப்பெயர்களில் வகுப்போ வயதோ இல்லை என்பது கவனிக்கத்தக்கது. ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி "நட" நூலை எடுத்தால் அவள் பின்தங்கியவள் என்று அட்டை சொல்வதில்லை.

எட்டு முதல் பதினொரு வயது

வாசகர் உருவாவதும் இழக்கப்படுவதும் பெரும்பாலும் இப்பருவத்தில்தான். கதை வேகமாக நகர வேண்டும், அதே வேளை மொழி எளிதாக இருக்க வேண்டும். 1947 இல் தொடங்கிய அம்புலிமாமா பல தலைமுறைகளுக்கு இத்தேவையை நிறைவு செய்தது. அவ்விதழ் இப்பொழுது வெளிவருவதில்லை. வாண்டுமாமாவின் (1925–2014) சாகசக் கதைகளும் அறிவியல் விளக்க நூல்களும் இப்பருவத்துக்கு உரியவை.

படக்கதை இதழ்களைப் படிப்பு எனக் கருதாத பெற்றோர் உள்ளனர். இது பிழையான கணிப்பு. படக்கதையில் சொற்கள் குறைவு, உரையாடல் மிகுதி, புரியாத இடத்தைப் படம் விளக்கும். மேலும் அது சிறு பிள்ளைகளின் நூலாகத் தோற்றமளிப்பதில்லை. விருப்ப வயதுக்கும் வாசிப்பு வயதுக்கும் இடைவெளி உள்ள குழந்தைக்கு இதைவிடப் பொருத்தமான வடிவம் அரிது. 1972 இல் சிவகாசியில் தொடங்கப்பட்ட முத்து காமிக்ஸ் இவ்வகையில் முன்னோடி. இன்று வெளியாகும் படக்கதைகளுள் பல வளர்ந்த வாசகரை நோக்கியவை என்பதால் முதலில் பெரியவர் புரட்டிப் பார்ப்பது நன்று.

கதையை விரும்பாத குழந்தைகளும் உண்டு. அவர்களுக்குத் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987 முதல் வெளியிட்டு வரும் துளிர் இதழ் பயன்படும். தென் புறநகரில் இதற்கொரு கூடுதல் வாய்ப்பு உள்ளது. வண்டலூர் உயிரியல் பூங்காவும், 2022 இல் ராம்சார் தளமாக அறிவிக்கப்பட்ட பள்ளிக்கரணைச் சதுப்பு நிலமும் அருகிலேயே உள்ளன. சதுப்பு நிலத்தில் நாமக்கோழியைக் கண்டுவந்த குழந்தை பறவை நூலைத் தானே கேட்டு வாங்கும். பெரியசாமித் தூரன் பதிப்பித்த பத்துத் தொகுதிகள் கொண்ட குழந்தைகள் கலைக்களஞ்சியமும் புரட்டிப் பார்க்க இனியது. அதிலுள்ள அறிவியல் செய்திகள் பல பழையனவாகிவிட்டன.

பதின்ம வயதினர்

பதினொரு வயதுக்கு மேல் நீதிக்கதைகள் சலிப்பூட்டும். தம் வயதினர் சிக்கல்களை எதிர்கொள்ளும் கதைகளை இவ்வயதினர் விரும்புவர். அண்மைக் காலத் தமிழ்ச் சிறார் நாவல்கள் இக்குறையை ஓரளவு நீக்கியுள்ளன. 2020 ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதமியின் பால சாகித்திய விருது பெற்ற யெஸ். பாலபாரதியின் "மரப்பாச்சி சொன்ன ரகசியம்" குழந்தைகள் மீதான பாலியல் சீண்டலைப் பற்றியது. குழந்தையும் பெற்றோரும் இதனைச் சேர்ந்து படிப்பது நலம். 2023 இல் அவ்விருதைப் பெற்ற உதயசங்கரின் "ஆதனின் பொம்மை" கீழடியைப் பின்னணியாகக் கொண்டது. பல்லாவரத்தில் 1863 இல் இராபர்ட் புரூஸ் ஃபூட் கற்கோடரியைக் கண்டெடுத்தார் என்ற செய்தியை இதனுடன் சேர்த்துச் சொன்னால், தொல்லியல் தம் தெருவுக்கும் உரியது என்பது இப்பகுதிக் குழந்தைகளுக்கு விளங்கும். இரா. நடராசனின் "ஆயிஷா" மிகச் சிறிய நூல். ஒரே அமர்வில் முடிக்கலாம்.

முதல் பெரிய தமிழ் நூலாகப் "பொன்னியின் செல்வன்" பரிசளிக்கப்படுவது வழக்கம். ஐந்து பாகங்களைக் கண்டு மலைத்துப் பலர் முதற்பாகத்திலேயே நின்றுவிடுகின்றனர். கல்கியின் நடையை அறிமுகம் செய்வதற்கு, அளவில் சிறிய "பார்த்திபன் கனவு" தக்கது.

நூலகமும் நூல் பெறும் வழிகளும்

சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931 இல் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளுள், ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்பதும், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்பதும் இரண்டு. இவ்விதிகளின்படி, பிடிக்காத நூலைத் திருப்பிக் கொடுப்பது தோல்வி ஆகாது. பிரான்சிய எழுத்தாளர் டேனியல் பெனாக் 1992 இல் வாசகரின் உரிமைகளைப் பட்டியலிட்டபோது நூலை முடிக்காமல் விடுவதையும் அவற்றுள் ஒன்றாகச் சேர்த்தார். விலை கொடுத்து வாங்கிய நூலில் இவ்வுரிமையைக் குழந்தைக்குத் தரப் பெற்றோர் தயங்குவர். இரவல் நூலில் அத்தயக்கம் எழுவதில்லை.

1948 ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டத்தின் கீழ், சொத்து வரியுடன் நூலக வரியும் தண்டப்படுகிறது. எனவே வீட்டு வரி செலுத்தும் குடும்பம் கிளை நூலகத்துக்கு ஏற்கெனவே பணம் கொடுத்துவிட்டது. கோட்டூர்புரத்தில் 2010 இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கென 15,000 சதுர அடிப் பிரிவு உள்ளது. ஒரே நாளில் பல பதிப்பகங்களின் நூல்களைப் புரட்டிப் பார்க்க 1977 முதல் நடைபெறும் சென்னைப் புத்தகக் காட்சி உதவும். அண்மை ஆண்டுகளில் அது நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. திடலில் நடைபெற்று வருகிறது. தாம்பரத்திலிருந்து வருவோர் மின்தொடர் வண்டியில் சைதாப்பேட்டையில் இறங்கலாம். அங்கு நூல்களுள் ஒன்றையேனும் குழந்தை தானே எடுக்க விடுதல் வேண்டும். அது பெரியவர் கண்ணுக்கு மட்டமாகத் தோன்றினாலும் சரியே.