வெடியாத ரொக்கெட்டு

1989 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 5 ஆம் நாள், கலிபோர்ணியாக் கடற்கரையிலுள்ள வன்டன்பேர்க் விமானப்படைத் தளத்தில் ஒரு ரொக்கெட்டு தீ மூட்டப்பட்டது. அது மேலெழவில்லை. நின்ற இடத்திலேயே எரிந்தது. பின்னர் சாய்ந்து வீழ்ந்தது. ஆனால் அது வெடிக்கவில்லை. விண்வெளிப் பயண வரலாற்றை எழுதுவோர் இந்நிகழ்ச்சிக்கு ஓரிரு வரிகளுக்கு மேல் இடமளிப்பதில்லை. எனினும், வெற்றி தோல்வி என்பவற்றை நாம் எவ்வாறு அளக்கின்றோம் என்று சிந்திக்கும்போதெல்லாம் என் மனம் இந்த ரொக்கெட்டையே நாடுகின்றது.

ரொக்கெட்டு விடுவது அரசாங்கங்களுக்கே உரிய தொழில் என்று உலகம் நெடுங்காலம் கருதி வந்தது. அக்கருத்தை மாற்ற முனைந்தோர் முதலிற் கண்டது நெருப்பைத்தான். 1981 ஓகஸ்டில், டெக்சாஸ் மாநிலத்து மட்டகோர்டாத் தீவில், தனியார் பணத்தில் உருவான 'பேர்ச்செரன்' என்னும் திரவ எரிபொருள் ரொக்கெட்டு, பறப்பதற்கு முன்னரே, பொறிச் சோதனையின்போது வெடித்துச் சிதறியது. அம்முயற்சிக்குப் பணமிட்டவர்கள் மனந்தளரவில்லை. மறு ஆண்டு செப்டெம்பர் 9 ஆம் நாள், அதே தீவிலிருந்து, திண்ம எரிபொருள் கொண்ட 'கொனெஸ்டோகா' ரொக்கெட்டை விண்வெளியின் விளிம்பு கடந்து செல்லுமாறு ஏவினர். 1984 இல் அமெரிக்கா தனியார் ஏவுதலுக்கெனத் தனிச் சட்டமொன்றை இயற்றியது. 1986 ஜனவரியில் 'சலஞ்சர்' விண்ணோடம் ஏழு பேருடன் அழிந்தது. அவ்வாண்டிலேயே, வர்த்தகச் செய்மதிகளை ஏவும் வேலையிலிருந்து விண்ணோடங்களை விலக்குவதென அரசாங்கம் முடிவு செய்தது. தனியார் காத்திருந்த வாயில் இவ்வாறு திறந்தது.

அவ்வாயிலில் நின்றவர்களுள் ஒருவர் ஜோர்ஜ் கூப்மன். 1985 இல் வேறு சிலருடன் சேர்ந்து அவர் 'அமெரிக்கன் ரொக்கெட்டுக் கம்பனி'யை நிறுவினார். அக்கம்பனியின் நம்பிக்கை முழுவதும் ஒரு விஞ்ஞான உண்மையைச் சார்ந்திருந்தது. திண்ம ரொக்கெட்டில் எரிபொருளும் அதனை எரியச் செய்யும் பொருளும் ஒன்றாகக் கலந்தே இருக்கும். தீ மூட்டியபின் அணைத்தல் அரிது. திரவ ரொக்கெட்டில் இரண்டும் வெவ்வேறு தாங்கிகளில் இருக்கும்; தாங்கிகள் உடைந்து இரு திரவங்களும் கலந்துவிட்டால் விளைவு பயங்கரமானது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழியொன்று உண்டு. எரிபொருள் திண்மமாக இருக்கும்; ஒட்சிசன் மட்டும் திரவமாகத் தனித் தாங்கியில் இருக்கும். இதனைக் கலப்பு ரொக்கெட்டு என்பர். கூப்மனின் கம்பனி தேர்ந்த எரிபொருள் இறப்பர். நம் தோட்டங்களில் வடியும் பாலிலிருந்து வருவதன்று. வாகன ரயர்களிலும் இடம்பெறும் செயற்கை இறப்பர் இனத்தைச் சேர்ந்தது. ஒட்சிசன் பாயும்வரை அது எரியும். பாய்ச்சலை நிறுத்தினால் எரிதலும் ஓயும். தன்னந்தனியே அதனால் வெடிக்க இயலாது.

இவ்வெண்ணம் புதியதன்று. 1933 இலேயே சோவியத் அறிஞர்கள் இவ்வகைச் சிறு ரொக்கெட்டொன்றைப் பறக்கவிட்டிருந்தனர். ஆயினும் அது பெருவழக்காகாமைக்குத் தக்க காரணம் உண்டு. இறப்பர் மேற்பரப்பில் மட்டுமே எரிவதால், எரிதல் மெதுவாக நிகழும். பெரிய உந்துவிசை வேண்டுமாயின் எரியும் பரப்பைப் பெருக்கப் பல துளைகளை உள்ளே அமைத்தல் வேண்டும். இத்தடைகளைக் கடந்து, பெரிய பொறிகளை நிலத்திற் பன்முறை சோதித்த பின்னரே, கம்பனியார் முதல் ரொக்கெட்டை ஏவுதளத்திற்குக் கொண்டு சென்றனர்.

அதைக் காணக் கூப்மன் உயிருடன் இருக்கவில்லை. 1989 ஜூலையில் மோட்டார் வாகன விபத்தொன்றில் அவர் இறந்தார். தோழர்கள் ரொக்கெட்டுக்கு 'கூப்மன் எக்ஸ்பிரஸ்' என்று பெயரிட்டனர்.

ஏவிய நாளில் நடந்ததைச் சுருங்கக் கூறலாம். திரவ ஒட்சிசனைப் பாயவிடும் வால்வில் பனிக்கட்டி உறைந்திருந்தது. வால்வு முழுமையாகத் திறக்கவில்லை. ஒட்சிசன் குறைந்ததால் உந்துவிசையும் குறைந்தது. ரொக்கெட்டின் பாரத்தை அதனால் தூக்க முடியவில்லை. பழுதுற்றது கம்பனியாரின் புதுமையான பொறியன்று. எவ்வகைத் திரவ ரொக்கெட்டிலும் காணக்கூடிய ஒரு சாதாரண உறுப்பு.

ரொக்கெட்டு எரிந்து வீழ்ந்தபோதும் பெருவெடிப்பு நிகழவில்லை. கம்பனியார் ஆண்டுக்கணக்காகச் சொல்லி வந்ததை, அவர்கள் ஒருபோதும் விரும்பியிராத முறையில், அவர்களுடைய ரொக்கெட்டே மெய்ப்பித்தது. அன்று கேட்கப்பட்டவை உண்மையில் இரண்டு வினாக்கள். இது பறக்குமா என்பது ஒன்று. இது பாதுகாப்பானதா என்பது மற்றொன்று. முதல் வினாவுக்கு 'இல்லை' என்றும், இரண்டாவதற்கு 'ஆம்' என்றும் விடை கிடைத்தது. ஆனால் பணமிடுவோர் முதல் வினாவையே கேட்பர். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. பாதுகாப்பாக நிலத்திலேயே கிடக்கும் ரொக்கெட்டினால் எந்தச் செய்மதியையும் விண்ணுக்கு அனுப்ப இயலாது. 1990 களின் நடுப்பகுதியில் அக்கம்பனி மூடப்பட்டது.

அதன் அறிவு மட்டும் அழியவில்லை. கம்பனியின் தொழில்நுட்ப உரிமைகளைப் பின்னாளில் 'ஸ்பேஸ்டெவ்' என்னும் நிறுவனம் பெற்றுக்கொண்டது. பர்ட் ரூட்டன் அமைத்த 'ஸ்பேஸ்ஷிப்வன்' என்ற விண்கலத்தின் கலப்புப் பொறியை உருவாக்குவதில் அந்நிறுவனம் பங்கேற்றது. 2004 ஜூன் 21 இல் அக்கலம் மனிதர் ஒருவரை விண்வெளிக்குக் கொண்டு சென்றது. தனியார் கலமொன்று அவ்வாறு செய்தது அதுவே முதன்முறை. ஒக்டோபர் 4 ஆம் நாள் அது ஒரு கோடி டொலர் பரிசையும் வென்றது. வன்டன்பேர்க்கில் ரொக்கெட்டு சாய்ந்து பதினைந்து ஆண்டுகள் நிறைய அன்று ஒரு நாளே எஞ்சியிருந்தது. இங்கும் எரிபொருள் இறப்பரே.

கதையை இவ்விடத்தில் முடித்தால் இனிமையாக இருக்கும். ஆனால் அது முழு உண்மையாகாது. ஸ்பேஸ்ஷிப்வன்னில் திரவ ஒட்சிசனுக்குப் பதிலாக நைத்திரசு ஒட்சைட்டைப் பயன்படுத்தினர். 2007 ஜூலையில், கலிபோர்ணியாவின் மொஹாவேப் பாலைவனத்தில், அதன் அடுத்த கலத்துக்கான சோதனையொன்றின்போது, நைத்திரசு ஒட்சைட்டுத் தாங்கி வெடித்து மூவர் உயிரிழந்தனர். அப்போது பொறியில் தீ மூட்டப்பட்டிருக்கவும் இல்லை. ஆகவே, 1989 தந்த 'ஆம்' என்ற விடை அந்தப் பொருட்களுக்கும் அந்த நிலைமைகளுக்கும் மட்டுமே உரியது. அதை எல்லாவற்றிற்கும் பொதுவாக்கிக்கொள்ள எவருக்கும் உரிமையில்லை.

ஆசிரியர்களும் மாணவர்களும் இக்கதையிலிருந்து எடுத்துக்கொள்ளத்தக்கது இதுவே என்பது என் எண்ணம். பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் எதிர்பார்த்த விடை வராதபோது, மாணவன் பக்கத்து மேசையிலுள்ளவனின் எண்ணைப் பார்த்து எழுதிக்கொள்கிறான். புத்தகத்திலுள்ள விடைக்கே புள்ளி கிடைக்கும் என்பதை அவன் நன்கறிவான். வால்வு திறக்காத ரொக்கெட்டு அவன் கையில் இருந்திருந்தால், 'பறக்கவில்லை' என்று எழுதவே அஞ்சியிருப்பான். 'வெடிக்கவில்லை' என்பதைக் குறித்துவைக்க அவனுக்குத் தோன்றியே இராது. பிழைத்த சோதனையின் கீழே, 'என்ன நடந்தது?' என்று அவனை நாலு வரி எழுதச் செய்து, அந்த நாலு வரிக்கும் புள்ளி வழங்குவோமாயின், அவன் பார்த்ததைப் பார்த்தவாறே எழுதத் துணிவான்.