மத்தள விமான நிலையம் ஏன் வெறிச்சோடிக் கிடக்கிறது?

2015 ஆம் ஆண்டு, அம்பாந்தோட்டை மாவட்டத்திலுள்ள மத்தள சர்வதேச விமான நிலையத்தின் சரக்குக் களஞ்சியத்தில் நெல் மூட்டைகள் அடுக்கி வைக்கப்பட்டன. விமானங்கள் வராததால் களஞ்சியம் காலியாக இருந்தது.

அப்போதைய ஜனாதிபதி மஹிந்த ராஜபக்ஷ, தனது சொந்த மாவட்டத்தில், தனது பெயரிலேயே இந்த நிலையத்தை 2013 மார்ச் 18 ஆம் திகதி திறந்து வைத்தார். செலவு 209 மில்லியன் டொலர். அதில் 190 மில்லியன் சீன எக்ஸிம் வங்கியின் கடன். ஓடுபாதையின் நீளம் 3,500 மீற்றர். ஆண்டுக்குப் பத்து இலட்சம் பயணிகள் வருவார்கள் என்று திட்டமிட்டுக் கட்டினார்கள்.

ஆனால் விமான நிறுவனங்கள் ஓடுபாதையின் நீளத்தைப் பார்த்து வருவதில்லை. ஆசனங்கள் நிரம்புமா என்றே பார்க்கின்றன. மத்தளவைச் சுற்றியிருப்பவை வயல்களும் பற்றைக் காடுகளும்தான். நாட்டின் பெரும்பாலான பயணிகளுக்குக் கட்டுநாயக்கவே வசதி. 2015 ஜனவரியில் ஆட்சி மாறியதும் அரசுக்குச் சொந்தமான ஸ்ரீலங்கன் விமான சேவையே அங்கு செல்வதை நிறுத்தியது. 2018 இல் ஃபிளை டுபாயும் விலகியது. கட்டுநாயக்கவில் தரையிறங்க முடியாத விமானங்களுக்கு மாற்று நிலையமாக மத்தள உதவுகிறது. சில காலங்களில் ரஷ்யச் சுற்றுலாப் பயணிகளும் வந்தார்கள். கட்டிய செலவுக்கு அது ஈடாகாது.

நிலையம் அமைந்த இடம் யானைகள் நடமாடிய காடு. 2016 இல் ஓடுபாதைப் பகுதியிலிருந்து காட்டு விலங்குகளை விரட்ட நூற்றுக்கணக்கான படையினரும் பொலிஸாரும் இறக்கப்பட்டனர். வழி மறிக்கப்பட்ட யானை பக்கத்து ஊர்களுக்குள் புகும். அங்கே பயிரை இழப்பவர் ஏழைச் சிங்கள விவசாயி. கடனோ வடக்கு, கிழக்கு மக்கள் உட்பட நாட்டிலுள்ள எல்லோர் தலையிலும் விழுகிறது.

பலாலியின் கதை வேறு. புலம்பெயர்ந்த உறவுகளும், சென்னைக்குப் போய்வருவோரும் இருப்பதால் அங்கு பயணிகளுக்குக் குறைவில்லை. இருந்தும் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் 2019 ஒக்டோபரில்தான் திறக்கப்பட்டது. சிறிய விமானங்களே வந்துபோகின்றன. அதை விரிவாக்கும் பேச்சு எழும்போதெல்லாம், 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தவர்கள் தங்கள் காணிகள் என்னவாகும் என்று கேட்கிறார்கள்.

அந்தக் கேள்விக்கு அத்திவாரம் போடுவதற்கு முன்பே பதில் வேண்டும். யாருக்காகக் கட்டுகிறோம், யாருடைய நிலத்தில் கட்டுகிறோம் என்று மத்தளவில் முன்கூட்டியே கேட்டிருந்தால், அந்த 209 மில்லியன் டொலர் காட்டுக்குள் போயிருக்காது.