காதுக்குப் பக்கத்தில் வரட்டும் டிவி சத்தம்

இரவு எட்டு மணி. கூடத்தில் அம்மாவின் சீரியல் ஓடுகிறது, வால்யூம் 45. உள்ளறையில் பத்தாம் வகுப்புப் பையன் கதவைச் சாத்திக்கொண்டு கணக்குப் போடுகிறான். மாமியார் மருமகள் சண்டை அவன் நோட்டு வரைக்கும் வந்துவிடுகிறது. யாராவது போய் வால்யூமை 20-க்கு இறக்குவோம். அம்மா ஒன்றும் சொல்ல மாட்டார். கொஞ்ச நேரம் வாயசைப்பைப் பார்த்துக்கொண்டிருப்பார், பிறகு எழுந்து போய்ப் படுத்துவிடுவார். எங்கள் வீட்டில் பல மாதம் இப்படித்தான் கழிந்தது. அவர் சத்தமில்லாமல் எழுந்து போவதுதான் மனதை அறுத்தது. பெரிய செலவில்லாமலே இதைச் சரிசெய்யலாம் என்பது பிறகுதான் தெரிந்தது.

கேட்கிறது, புரியவில்லை

“சத்தம் கேக்குது, என்ன பேசுறாங்கன்னுதான் புரியல.” வயதானவர்கள் பலரும் சொல்லும் இந்த வார்த்தை அப்படியே உண்மை. உள்காதில் நத்தைக்கூடு போல ஓர் உறுப்பு இருக்கிறது. அதிலுள்ள நுண்ணிய மயிர்ச்செல்கள் வயதாக ஆக அழிகின்றன, திரும்ப முளைப்பதில்லை. முதலில் போவது கீச்சென்ற உயர்ந்த ஒலிகளைக் கேட்கும் திறன். ஆ, ஓ போன்ற உயிரோசைகள் கனமானவை, அவை காதுக்கு எட்டிவிடும். க, ச, த, ப ஆகியவற்றைப் பிரித்துக் காட்டுவது பெரும்பாலும் அந்த உயர்ந்த ஒலிகள்தான். அவை மங்கினால் ‘பத்து’, ‘கத்து’, ‘சத்து’ மூன்றும் ஒன்றுபோலவே விழும். வால்யூமைக் கூட்டினால் பின்னணி இசையும் சேர்ந்து கூடுகிறது. பேச்சு தெளிவதில்லை.

இதோடு தூரமும் சேர்ந்துகொள்கிறது. திறந்த வெளியில் தூரம் இரு மடங்கானால் ஒலி 6 டெசிபல் குறையும். வீட்டுக்குள் அவ்வளவு குறையாது என்றாலும், வெறும் சுவரிலும் டைல்ஸ் தரையிலும் எதிரொலித்துப் பேச்சு குழம்பிவிடும். மேலே மின்விசிறி இரைச்சல் வேறு. இன்றைய மெல்லிய டிவிகள் பலவற்றில் ஸ்பீக்கர் கீழ்ப்பக்கமோ பின்பக்கமோதான் இருக்கிறது. ஆகவே, டிவி இருக்கும் இடத்தில் சத்தத்தை ஏற்றுவதைவிட, கேட்பவரின் காதருகே அதைக் கொண்டுபோவதுதான் வழி.

காசில்லாமல் செய்யக்கூடியவை

நாற்காலியை டிவிக்கு அருகே போடுங்கள். ஒரு காது நன்றாகக் கேட்குமென்றால் அந்தக் காது டிவி பக்கம் இருக்கட்டும். டிவியின் சவுண்ட் செட்டிங்கில் ‘கிளியர் வாய்ஸ்’, ‘ஸ்பீச்’, ‘நியூஸ்’ என்று ஏதாவது இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். சரவுண்டை அணைத்து, பேஸைக் குறையுங்கள். ஓடிடியில் சப்டைட்டில் இருந்தால் போட்டுக்கொடுங்கள். டப்பிங் சீரியலில் உதட்டசைவு வசனத்தோடு ஒட்டாது. காது மந்தமானவர்கள் தம்மை அறியாமலே உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வதால், நேரடித் தமிழ் நிகழ்ச்சியே அவர்களுக்கு எளிது.

சின்ன ஸ்பீக்கர்

ஹெட்போன் வேண்டாம் என்பவருக்கு, டிவியிலிருந்து ஒயர் இழுத்து அவர் தோளுக்கருகே ஒரு சிறிய ஸ்பீக்கரை வைக்கலாம். காதுக்கு அருகில் இருப்பதால் குறைந்த சத்தமே போதும், அடுத்த அறைக்குப் போகாது. ஒயரைச் சுவரோரமாகவே கொண்டுபோங்கள். இரவில் கால் தடுக்கினால் இடுப்பெலும்புக்கு ஆபத்து.

ஹெட்போன்

டிவியில் ஹெட்போனைச் செருகினால் பெரும்பாலும் டிவியின் சொந்தச் சத்தம் நின்றுவிடும், மற்றவர்களுக்குக் கேட்காது. சில டிவிகளில் இரண்டும் சேர்ந்து ஒலிக்க செட்டிங்கிலேயே வழி உண்டு. இல்லாவிட்டால் செட்டாப் பாக்ஸின் பின்புறம் பாருங்கள். எச்டிஎம்ஐ ஒயர் டிவிக்குப் போனாலும், பல பாக்ஸ்களில் ஏவி துளை வழியாகவும் ஒலி வந்துகொண்டிருக்கும். ஹெட்போனின் டிரான்ஸ்மிட்டரை அதில் இணைத்தால், டிவி சத்தத்தை டிவி ரிமோட்டிலும் அம்மாவின் சத்தத்தை ஹெட்போனிலும் தனித்தனியாக வைத்துக்கொள்ளலாம்.

சாதாரண புளூடூத்தில் ஒலி கொஞ்சம் பிந்தி வரும். உதடு முன்னே, பேச்சு பின்னே என்றானால் அவர்களுக்கு இன்னும் குழப்பம். டிவிக்கென்றே டிரான்ஸ்மிட்டரோடு விற்கும் ஒயர்லெஸ் ஹெட்போனில் இந்தத் தாமதம் பெரும்பாலும் தெரியாது. ஸ்டாண்டில் மாட்டினாலே சார்ஜ் ஏறும் வகை பெரியவர்களுக்கு வசதி. ஹெட்போனிலும் அளவு வேண்டும்: 80 டெசிபல் சத்தமென்றால் வாரத்துக்கு 40 மணி நேரம்தான் பாதுகாப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். மாட்டியிருப்பவரைப் பின்னாலிருந்து தொடாதீர்கள், திடுக்கிட்டுப்போவார். முன்னே வந்து கையசையுங்கள்.

காது மெஷின் போட்டிருந்தால், டிவி ஒலியை நேரே அதற்குள் அனுப்பும் ஸ்ட்ரீமர் அந்த மாடலுக்கு உண்டா என்று வாங்கிய இடத்தில் கேளுங்கள்.

முதலில் காதைக் காட்டுங்கள்

இவற்றையெல்லாம் வாங்கும் முன் ஒருமுறை காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்வாருங்கள். சில சமயம் அடைத்திருப்பது வெறும் குறும்பியாக இருக்கும். திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால் அன்றைக்கே போகவேண்டும், நாள் தள்ளினால் மீட்பது கடினம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் கேட்கும் திறனைச் சோதிக்கிறார்கள். வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள முதியோருக்குக் காது கேட்கும் கருவி உள்ளிட்ட உதவிகள் வழங்க, 2017-ல் தொடங்கிய ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டமும் இருக்கிறது.

எந்தக் கருவி வாங்கினாலும் வால்யூம் பொத்தான் அவர்கள் கையிலேயே இருக்கட்டும். எங்கள் வீட்டில் இப்போது டிவி வால்யூம் 18. அம்மா ஹெட்போனைத் தாமே மாட்டிக்கொண்டு, தமக்கு வேண்டிய அளவை வைத்துக்கொள்கிறார். சீரியல் முடியும் வரை எழுந்து போவதில்லை.