காரின் சில்லும் ஸ்பேசரும்: பூட்டுமுன் அறிய வேண்டியவை

வயலில் உழவு இயந்திரம் ஓட்டியவர்களுக்குச் சில்லை அகட்டிப் பூட்டுவது புதிய விடயமல்ல. மசி பேர்கசன் 135 உழவு இயந்திரத்தின் பின்சில்லுகளைக் கழற்றி, றிம்மையும் நடுத்தட்டையும் மாற்றிப் பூட்டினால், சில்லிடைத் தூரத்தை 48 அங்குலம் முதல் 76 அங்குலம் வரை, 4 அங்குலப் படிகளாகக் கூட்டலாம். அந்த இயந்திரம் அதற்கென்றே செய்யப்பட்டது. கார் அப்படிச் செய்யப்பட்டதல்ல. இந்த வேறுபாட்டை மனதிலிருத்தி மேலே வாசியுங்கள்.

1990இலும் 1995இலும் அதன் பின்னரும் காணியையும் கிணற்றையும் விட்டுக் கொழும்புக்கு வந்த குடும்பங்களில் சில, வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் ஹயர் ஓடிப் பிழைக்கின்றன. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் தொடங்கியது. ஆகவே பல கை மாறிய கார்களே நம்மவருக்குக் கிடைக்கின்றன. முந்திய உரிமையாளர் பூட்டிய ஸ்பேசர் அவற்றிற் சிலவற்றில் இருக்கும். வாங்குபவருக்கு அது தெரிவதில்லை.

ஸ்பேசர் என்பது என்ன?

சில்லுக்கும் ஹப்புக்கும் இடையில் வைக்கும் உலோக வளையமே ஸ்பேசர். வேறு காரின் அலோய் றிம் உள்ளே முட்டும்போது அதை வெளியே தள்ளவும், அழகுக்காகவும் இதைப் பூட்டுகிறார்கள். இது இரண்டு வகை. ஒன்று, காரின் ஸ்ரட்டுகளில் அப்படியே கோர்க்கும் மெல்லிய தட்டு. மற்றது, ஹப்பில் தன் நட்டுகளால் இறுக்கப்பட்டு, சில்லுக்கெனத் தனி ஸ்ரட்டுகளைக் கொண்ட தடித்த தட்டு.

சில்லைத் தாங்குவது எது?

ஸ்ரட்டுகள் ஆணி போலச் சில்லைச் சுமக்கின்றன என்று பலர் எண்ணுகிறோம். உண்மையில், நட்டை இறுக்கும்போது ஸ்ரட் சிறிது இழுபட்டுச் சில்லை ஹப்போடு அழுத்துகிறது. அந்த அழுத்தத்தால் வரும் பிடிப்பே சில்லை அசையாமல் வைத்திருக்கிறது. மண்வெட்டிப் பிடியில் ஆப்பு இறுகியிருக்கும் வரை பிடி உடைவதில்லை. ஆப்புத் தளர்ந்து ஆடத் தொடங்கினால்தான் உடைகிறது. ஸ்ரட்டும் அப்படியே. எனவே ஸ்பேசருக்குப் பதிலாக வாஷர்களை அடுக்குவது பெரும் ஆபத்து. முகம் முழுவதும் பட வேண்டிய அழுத்தம் நாலைந்து புள்ளிகளில் மட்டும் படுகிறது.

பூட்டுமுன் பார்க்க வேண்டியவை

1. நட்டின் சுற்று. ஸ்ரட்டின் விட்டமளவு நீளத்துக்காவது நட்டு ஏற வேண்டும். 12 மில்லிமீற்றர் ஸ்ரட்டில், 1.5 மில்லிமீற்றர் புரியானால் 8 சுற்று, 1.25 ஆனால் 10 சுற்று. 5 மில்லிமீற்றர் தட்டு ஒன்றே மூன்று சுற்றுக்கு மேல் தின்றுவிடும். சுற்றுப் போதாவிட்டால் நீளமான ஸ்ரட் மாற்ற வேண்டும். இல்லையேல் ஸ்பேசர் வேண்டாம்.

2. நடுத்துளை. ஸ்பேசரின் துளை ஹப்பின் நடுவளையத்தில் ஆட்டமின்றி அமர வேண்டும். ரொயோட்டாவின் நான்கு நட்டுச் சிறிய கார்களில் அது 54.1 மில்லிமீற்றர், ஹொண்டாவில் 56.1. ஸ்ரட் துளைகள் பொருந்தினாலும் நடுவில் 2 மில்லிமீற்றர் இடைவெளி இருக்கும். சில்லு மையம் தவறி அமர்ந்தால் ஓட்டத்தில் அதிரும்.

3. நட்டின் அடி. கூம்பு, உருண்டை, தட்டை என மூவகை உண்டு. றிம்மின் குழி எந்த வகையோ நட்டும் அந்த வகையாக இருக்க வேண்டும்.

4. நீட்டும் ஸ்ரட். தடித்த ஸ்பேசரில் காரின் பழைய ஸ்ரட் நுனி வெளியே நீட்டினால் சில்லு சரியாக அமராது. றிம்மின் பின்புறத்தில் அதற்கான குழி இருக்க வேண்டும்.

பூட்டும் முறை

ஹப்பின் துருவைக் கம்பித் தூரிகையால் முழுவதும் நீக்குங்கள். வெள்ளவத்தையின் கடற்காற்றில் துரு விரைவில் ஏறும். துருவின் மேல் பூட்டினால் சில நாளில் அது நொருங்கி, நட்டுத் தளரும். ஸ்ரட்டில் எண்ணெயோ கிரீசோ பூச வேண்டாம். முதலிற் கையால் ஏற்றி, பின் எதிரெதிராக இறுக்குங்கள். இவ்வகைக் கார்களுக்கு ஏறத்தாழ 100 நியூட்டன் மீற்றர் வேண்டும். அரை மீற்றர் நீள ஸ்பனரின் நுனியில் 20 கிலோ பாரம் கொடுக்கும் அளவு அது. டோர்க் ஸ்பனர் உள்ள கராஜில் இறுக்குவதே நல்லது. ஸ்பனர்மேல் ஏறி நின்று மிதிக்க வேண்டாம்.

50 முதல் 100 கிலோமீற்றர் ஓடியபின் மீண்டும் இறுக்கிப் பாருங்கள். தடித்த ஸ்பேசரானால் சில்லைக் கழற்றி உள் நட்டுகளையும் பார்க்க வேண்டும். வெளி நட்டு இறுக்கமாக இருப்பதால் உள் நட்டும் இறுக்கமென்று சொல்ல முடியாது. புதிதாகப் பூட்டிய அன்றிரவே ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தூரத்திலுள்ள யாழ்ப்பாணத்துக்கு ஹயர் பிடிக்காதீர்கள்.

வாங்கும்போது

பழைய கார் வாங்குமுன் நான்கு சில்லுகளையும் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். சில்லு மட்காட்டுக்கு வெளியே நிற்கிறதா, நிறைய ஆட்களை ஏற்றினால் ரயர் உரசுகிறதா என்று பாருங்கள். நட்டைச் சுற்றித் துருக்கோடு, ஓட்டத்தில் அதிர்வு, திரும்பும்போது கிளிக் ஓசை ஆகியவை தளர்வின் அறிகுறிகள். தளர்ந்து ஓடிய சில்லின் ஸ்ரட்டுகளை ஒன்றிரண்டாக அல்ல, முழுவதும் மாற்றுங்கள்.

சரியாகப் பூட்டினாலும் சில்லு வெளியே போகப் போக பெயாரிங்கில் பாரம் கூடும். அது விரைவில் தேயும். ஜெர்மனியில் பொதுவாகத் தொழில்நுட்பப் பரிசோதகரின் ஒப்புதலின்றி ஸ்பேசர் பூட்டி ஓட முடியாது. இங்கும் பூட்டுமுன் காப்புறுதி நிறுவனத்துக்கு எழுத்தில் அறிவித்து, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். விபத்தின் பின் கேட்பது பயன் தராது.

எமது கருத்து இதுவே: ஹயருக்கு ஓடும் காருக்கு ஸ்பேசர் வேண்டாம். அந்தக் காருக்கு உரிய றிம்மைத் தேடிப் போடுங்கள். பஞ்சிகாவத்தைக் கடைகளில் பழைய இரும்பு றிம்மும் கிடைக்கும். அழகு சற்றுக் குறையலாம். ஆனால் நகையை விற்று வாங்கிய காரில் நம் பிள்ளைகள் மட்டுமல்ல, அயலவரின் பிள்ளைகளும் ஏறுகிறார்கள். அவர்களைப் பத்திரமாக வீடு சேர்ப்பதே நம் தொழிலின் முதற் கடமை.